அடங்கிய எண்கள்

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் அந்த அம்மா கைப்பையைக்கூட இறக்காமல் அலமாரிக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். உள்ளே வரிசையாகக் கணினிகள். சூடு இருந்தால், ராத்திரி முழுக்க ஓடியிருக்கின்றன என்று முகம் தெளிகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற தாய்க்கு நேர் எதிர்.

அணைக்கட்டு அலுவலகத்தில் கணக்குப் போடுகிறவர். 'இன்னொரு தடவை' என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். பெயர் வைத்த பொறியாளர் அதைச் சொல்லிச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

அணையின் மண்சுவருக்குள் ஊறும் நீர் எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் கணக்கு. சுவரைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு கணினி. ஒவ்வொன்றும் குத்துமதிப்பாக ஓர் எண் சொல்லும். பக்கத்துக் கணினி சொன்னதைக் கேட்டுத் தன்னுடையதைத் திருத்தும். மறுபடி கேட்கும், மறுபடி திருத்தும். எல்லாம் ஒரே சமயத்தில். எந்த எண்ணும் மாறாமல் அடங்கிவிட்டால் விடை வந்துவிட்டது என்று பொருள். "சம்பந்தி பேசுற மாதிரிதாங்க. ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒரு முடிவுக்கு வரும்" என்கிறார்.

எண்கள் அடங்கினால் மற்றவர்கள் டீ குடிக்கப் போகிறார்கள். இவர் எழுந்திருப்பதில்லை. போன மழைக்காலத்தில் ஒரு கணினிக்குப் பக்கத்துக் கணினிகளிலிருந்து புது எண் வருவதே நின்றுபோனது. பழைய எண்ணையே வைத்து அது திரும்பத் திரும்ப ஒரே விடையைச் சொன்னது. அக்கம்பக்கத்துக் கணினிகளும் அதற்கேற்ப அடங்கிவிட்டன. சுவர் தாங்கும், சரி என்றார் இவர்; நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். சுவரின் அடியில் மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கல் தண்ணீர் கசியத் தொடங்கியது. அவசரமாக நீரை இறக்கியதால் தப்பித்தார்கள். சுவருக்கு நேர் கீழே உள்ள குடியிருப்பில்தான், மதகு இயக்கும் இவருடைய தம்பி குடும்பத்தோடு இருக்கிறார்.

"அது ஒத்துப்போகலைங்க. காது கேக்காம உக்காந்திருந்திருக்கு. நான் அடங்கிடுச்சுன்னு நெனச்சுட்டேன்."

அன்றிலிருந்து ஒரு வழக்கம். அடங்கிய கணக்கை, வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று எண்களைக் கொடுத்து மறுபடி ஓட்டுகிறார். எங்கிருந்து கிளம்பினாலும் அதே விடைக்கு வந்து சேர வேண்டும். இவருடைய வேலையைப் பார்க்க நான் போயிருந்த அன்றும் ஓட்டினார். பொறியாளர் வாசலில் வந்து நின்றார்.

"முடிஞ்சுதாம்மா? தண்ணி வந்துட்டே இருக்கு."

"இன்னொரு தடவை சார்."

அதே விடை வந்தது. எனக்கே மூச்சு வந்தது. இவருக்கு வரவில்லை.

"தண்ணிய ஏத்தலாம் சார்" என்றார்.

பொறியாளர் நகர்ந்ததும் தம்பிக்குப் போன் போட்டார். "புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடுடா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்."

தம்பியின் குரல் எனக்கும் கேட்டது. "நீ சரின்னு சொல்லித்தானேக்கா ஏத்துறோம்? தெரு முழுக்க ஆளுங்க இருக்காங்க. நான் மட்டும் எப்படிக் கிளம்புறது?"

திரையைப் பார்த்தார். எண்கள் அசையாமல் நின்றன.

"சரி, நானே அங்க வர்றேன். உன் பொண்டாட்டிய உலையில எனக்கும் சேத்துப் போடச் சொல்லு" என்றவர், நாற்காலியில் தொங்கிய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.