டாக்டரம்மா கேட்காத கேள்வி

அவசரப் பிரிவில் இதய நோய் பார்க்கும் டாக்டரம்மா வயதானவர்களிடம் "நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டு நிறுத்திக்கொள்ள மாட்டாள். "போன வாரம் செஞ்ச எந்த வேலைய இந்த வாரம் செய்ய முடியல?" என்பாள். எழுபதைத் தாண்டிய இதயம் பல சமயம் வலியே காட்டாமல் அடைத்துக்கொள்ளும். அசதி, வாயுத் தொல்லை என்று வேஷம் கட்டி ஊரை ஏமாற்றும். இந்த ஒரு கேள்வியால் அவள் பிடித்த மாரடைப்புகள் சொல்லி மாளாது. அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

பெருமைக்கு அடியில் ஒரு பொறாமையும் இருந்தது. படிப்பில் முதல், சம்பளத்தில் முதல், அம்மாவிடம் மட்டும் இரண்டாவது. முதலிடம் தங்கைக்கு. தங்கை தையற்கடையில் வேலை செய்துகொண்டு அம்மாவோடு இருக்கிறாள். இவள் போன் செய்தால், "நல்லா இருக்கேன்மா, நீ சாப்பிட்டியா?" என்பதோடு அம்மாவுக்குப் பேச்சு தீர்ந்துவிடும். போன் தங்கை கைக்குப் போனதும் பின்னால் அம்மா சிரிப்பது கேட்கும். இவளுக்கு வயிறு எரியும்.

அன்று மதியம் தங்கைதான் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். அம்மாவின் முகம் வெளுத்து வியர்த்திருந்தது. சொந்தத்துக்கு வைத்தியம் பார்க்கக் கூடாதென்பார்கள். ஆனால் இன்னொரு இதய மருத்துவர் பக்கத்து அறையில் வேறொரு உயிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா செய்யுது?"

"ஒண்ணுமில்லம்மா, லேசா அசதி. இவதான் கேக்காம இழுத்துட்டு வந்துட்டா."

இசிஜி எடுக்கச் சொல்லிவிட்டுத் தன் பேர்போன கேள்வியைக் கேட்டாள். அம்மா தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"துணி காயப்போட மாடிக்குப் போனா பாதிப் படியில உக்காந்துடுறாங்க, அக்கா. நேத்து தலை வாரக் கையத் தூக்க முடியல. நான்தான் வாரி விட்டேன்."

"எனக்கு ஏன்டி சொல்லல?"

"அம்மா விடல. நீ பயந்துடுவியாம்."

மாரடைப்பு என்று அப்போதே அவளுக்குப் பட்டுவிட்டது. ஆனாலும் பாழாய்ப்போன மனம் அந்தத் தலைவாரலில் போய்ச் சிக்கிக்கொண்டது. ஊரில் உள்ள கிழவர் கிழவிகளிடமெல்லாம் கேட்ட கேள்வியை, போனில் ஒரு நாளாவது அம்மாவிடம் கேட்டிருக்கிறாளா?

இசிஜி சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. அம்மாவை ஆஸ்பிரின் மாத்திரை மென்று விழுங்க வைத்து, உள்ளே கொண்டுபோய், மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தாள். அம்மா பிழைக்க வேண்டும் என்று மனம் கெஞ்சியது. பிழைத்ததும் தன்னைத்தான் தேட வேண்டும் என்றும் வெட்கமில்லாமல் சேர்த்துக் கேட்டது.

வார்டுக்கு மாற்றியதும் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அம்மா அவள் கையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு நர்ஸிடம் பெருமையாகச் சொன்னாள்:

"டாக்டரம்மாவுக்கு எத்தனை பேர் காத்திருப்பாங்களோ, அவங்க போகட்டும். வெளியில என் பொண்ணு இருப்பா. அவள வரச் சொல்லுங்க."

நர்ஸ் தலை குனிந்துகொண்டாள். டாக்டரம்மாவே எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"அம்மா உன்னக் கூப்பிடுறாங்க."

தங்கை அழுது வீங்கிய கண்களோடு ஓடி வந்தாள். வாசலில் நின்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். "நீயும் வாக்கா."

"எனக்கு வேலை இருக்கு" என்றாள் டாக்டரம்மா. அவளுடைய டூட்டி எப்போதோ முடிந்திருந்தது.