முள்ளைத் தாண்டாத மாமா

புளி உலுக்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. ஜீப் ஓட்டுநர் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மரத்தடிக்கு வந்தார். "உங்க மாமா டியூட்டியிலயே சாஞ்சுட்டாராம்ப்பா. மாரடைப்பு. திருப்பத்தூர் வழியா எடுத்தாறாங்க." கிளையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை.

என் அக்காள் கணவர் வெள்ளையன், கடற்கரையோர அணுமின் நிலையம் ஒன்றில் காவலராக இருந்தவர். எங்கள் புதூர்நாட்டு மலையிலிருந்து அப்படியொரு வேலைக்குப் போனவர் அவர் ஒருவரே. "எங்க செத்தாலும் என்னக் கொண்டாந்து எங்கப்பன் பக்கத்துல வெச்சிடுடா" என்று ஒவ்வொரு முறை ஜீப் ஏறும்போதும் சொல்வார். "மொதல்ல சாவுங்க, பாக்கலாம்" என்பேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கம்பிவேலி ஓரிடத்தில் அறுந்துகிடந்ததாம். மாமா ஒரு முள்கிளையை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டு, "அடைச்சிட்டேங்க" என்று அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் மலையில் வழியில் முள் கிடந்தால் ஒருவரும் தாண்டமாட்டோம். போட்டவர்தான் எடுக்க வேண்டும். அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "முள்ளப் பாத்து எவன்யா நிப்பான்?"

"நான் நிப்பேங்க" என்றாராம் மாமா. கம்பி கட்டி முடிக்கும்வரை அவரையே அந்தச் சந்தில் வெயிலில் நிற்கவைத்தார்கள்.

ஒருமுறை அக்காளும் நானும் பலாப்பழம் சுமந்துகொண்டு அவரைப் பார்க்கப் போனோம். வெளிவாசலில் அவரேதான் நின்றார். அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்றார்.

"மாமா, இது உங்க பொண்டாட்டி. அடையாளம் தெரியலியா?"

"தெரியுது. கோட்டுக்கு அந்தாண்ட நிக்கச் சொல்லு."

பழத்தையும் தட்டிப் பார்த்தார். "குண்டு இல்ல மாமா, கொட்டதான்" என்றேன். சிரிக்கவேயில்லை. வேலை முடிந்து வெளியே வந்த பிறகுதான் சிரித்தார்.

ஊருக்கு வந்தால் எல்லோரும் கேட்பார்கள். "உள்ள இன்னாதான்ப்பா வெச்சிருக்கானுங்க?"

"சொல்லக்கூடாதுங்க."

அவர் சொல்லாததை ஊரே சொல்லிக்கொண்டது. அங்கே இருப்பது விஷம், அது அவர் உடம்பில் ஏறிவிட்டது, தொட்டால் ஒட்டும் என்றார்கள். அவர் தண்ணீர் குடித்த சொம்பைத் தனியே கவிழ்த்து வைத்தார்கள். அவர் வாசலில்தான் நிற்கிறார் என்று நாங்கள் சொன்னால், "அத அவரு வாயால சொல்லட்டும்" என்றார்கள்.

"சொன்னா இன்னா மாமா கெட்டுப்போச்சு?" என்று கேட்டேன்.

"எங்க நிக்கிறேன்னு சொன்னா, எங்க ஆளில்லன்னும் சொன்னாப்பல ஆயிடும்டா."

உடலைச் சுமந்துகொண்டு இடுகாட்டுக்குப் போனோம். வழியில் குறுக்கே முள் கிடந்தது. இலைகூட வாடவில்லை. அதற்கு அப்பால், அதைப் போட்ட எங்கள் ஊர்த்தலைவர் ஊர்க்கவுண்டர் நின்றார். "தப்பா நெனச்சுக்காதப்பா. இடுகாட்டுக்குக் கீழதான் ஊத்துத் தண்ணி இருக்குது. கொழந்தைங்க குடிக்குது."

"அவரு வெறும் வாசல் காவக்காரருங்க. எடுத்துடுங்க" என்று கெஞ்சினேன். அவர் எடுக்கவில்லை. அழுதுகொண்டேதான் நின்றார், ஆனாலும் எடுக்கவில்லை. நான் காலைத் தூக்கிவிட்டேன். அக்காள் என் கையைப் பிடித்தாள்.

"தாண்டாதடா. அவரு இருந்தா தாண்டுவாரா?"

திரும்பினோம். எங்கள் சாமைக் கொல்லை மேட்டில் குழி வெட்டினோம். அவருடைய அப்பன் கிடக்கும் இடம் அங்கிருந்து பார்த்தால் தெரியாது.

எல்லோரும் போனபின் ஒரு முள்கிளையை வெட்டி வந்து கொல்லை வழியில் குறுக்கே போட்டேன். மாமா, இதைப் போட்டவன் நான். நான் எடுக்கும்வரை ஒருவரும் வரமாட்டார்கள். உங்கள் காவல் முறை முடிந்தது. இனி நான் நிற்கிறேன்.