வந்த காரியம் கேட்டவர்

எங்கள் செக்-தாஷ் ஊரில் குடிகாரனுக்கு மன்னிப்பு உண்டு. குதிரை திருடி மாட்டியவனுக்குக்கூடப் பத்து வருடம் கழித்துப் பந்தியில் இடம் கொடுத்திருக்கிறோம். கல்முர்சா அண்ணனை, எங்கள் பாஷையில் கல்முர்சா பாய்கேவைத்தான், யாராலும் மன்னிக்க முடியவில்லை. அவர் விருந்தாளியிடம் வந்த காரியம் கேட்பார்.

வாசலில் வந்து நிற்பவன் ஆண்டவன் அனுப்பிய ஆள். அவனுக்கு மூன்று நாள் ரொட்டியும் இறைச்சியும் கொடுத்து, மெத்தை விரித்து, நான்காம் நாள்தான் "என்ன சேதி?" என்று கேட்க வேண்டும். அதுவரை மழையைப் பேசலாம், ஆட்டைப் பேசலாம். கல்முர்சா பாய்கே, வந்தவன் குதிரையை விட்டு இறங்கும் முன்பே கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பார்: "வாங்க, வாங்க. எதுக்கு வந்தீங்க? எப்பத் திரும்புவீங்க?"

அவர் தங்கை மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். வந்த பெரியவர் முறைப்படி சுற்றி வளைத்து ஆரம்பித்தார். "எங்க கன்னு ஒண்ணு வழி தவறி உங்க பட்டிப் பக்கம் வந்துட்டுதுன்னு கேள்விப்பட்டோம்..." எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் எழுந்தார். "பொண்ணு கேட்டு வந்தீங்களா, கன்னு தேடி வந்தீங்களா? ஒண்ணைச் சொல்லுங்க. கன்னுன்னா இருட்டுறதுக்குள்ள தேடணும்."

கல்யாணம் நடந்தது. ஆனால் அந்தச் சம்பந்தி வீட்டார் இவர் இருக்கும் பந்தியில் இன்றுவரை உட்காருவதில்லை.

வேலை அப்படி என்று சிலர் சொல்வார்கள். சாரி-பெல் கணவாயில் சாலைக் கம்பத்தை ஏற்றி இறக்கும் வேலையை இருபத்தாறு வருடம் பார்த்தவர் அவர். கணவாய்க்குள் போகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி எங்கிருந்து, எங்கே, எதற்கு, எப்போது திரும்புவாய் என்று கேட்டு நோட்டில் எழுதுவார். சொல்லாவிட்டால் கம்பம் ஏறாது. மந்திரி வண்டியை முக்கால் மணி நேரம் பனியில் நிறுத்தியவர். வேலையை விட்ட பிறகும் வாய் மட்டும் கம்பத்தடியிலேயே நின்றுவிட்டது என்று ஊரில் கேலி செய்வோம். நானும் செய்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் வானத்து விருந்தாளிகள் வந்தார்கள்.

மே மாதம் பாதியில் ஒருநாள் காலை, ஊருக்கு மேலே உள்ள மேய்ச்சல் மேட்டில் வெள்ளையாக ஒரு வட்ட வீடு இருந்தது. முந்தின நாள் அது அங்கே இல்லை. உள்ளேயிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் கம்பம் மாதிரி உயரம். ஒருவன் நனைந்த கம்பளிக் குவியல் மாதிரி இருந்தான். மூன்றாவது, மூக்கு வைத்த பித்தளைக் கெண்டி மாதிரி ஒன்று. பிள்ளைகள் நெட்டையன், மூட்டை, கெண்டி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கெண்டிதான் பேசும். எங்கள் பாஷையை வானொலியில் கேட்டுக் கற்றிருக்க வேண்டும். "வணக்கம் நேயர்களே" என்பது போலவே ஆரம்பிக்கும்.

பதினேழு வான்குடிகள் சேர்ந்த கூட்டணியாம். அதன் தூதர்களாம். நகரங்களுக்கும் போனார்களாம். அங்கே முதல் நாளே யாரோ ஒரு காவல்காரன் "எதுக்கு வந்தீங்க, காகிதம் எங்கே?" என்று கேட்டானாம், உடனே கிளம்பிவிட்டார்களாம். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. நகரத்துக்காரனுக்கு என்ன தெரியும் விருந்தோம்பல்?

"உங்கள் வழக்கம் எங்களுக்குத் தெரியும். மூன்று நாள் கேட்கமாட்டீர்கள்," என்றது கெண்டி. "ஆனால் எங்கள் ஒரு நாள் உங்களுக்கு நானூறு நாள்."

பெரியவர்கள் தாடியைத் தடவினார்கள். ஊர்த்தலைவர் மெதெர்பெக் எழுந்து நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "விருந்தாளியோட நாள்தான் எங்களுக்கும் நாள்."

எல்லாரும் ஆமாம் என்றோம். அப்படித்தான் மூன்றேகால் வருடத்துக்கு வாயைக் கட்டிக்கொண்டோம்.

சும்மா சொல்லக்கூடாது, நல்லது நிறையச் செய்தார்கள். வற்றின ஊற்றில் தண்ணீர் வந்தது. ஆடுகளுக்கு நோய் இல்லை. டிராக்டர் அடியில் படுத்துப் படுத்து உளுத்துப்போன என் முதுகை மூட்டை ஒருமுறை தடவிவிட்டது. மறுநாள் நான் என்ஜினைத் தனியாகத் தூக்கினேன். நாங்கள் அறுத்து வைத்த ஆட்டை மட்டும் அவர்கள் தொடவே இல்லை. வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

கல்முர்சா பாய்கே மட்டும் மேட்டுக்கு ஏறவில்லை. மூட்டு வலியோடு கம்பு ஊன்றியே நடந்தார். ஆனால் அவர் மனைவி பூபுசாரா எஜேவுக்கு, அதாவது பூபுசாரா அக்காவுக்கு, இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, அடுப்பைத் தடவித் தடவி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் வருடம் அண்டை வீட்டார் அவரைக் கைப்பிடித்து மேலே கூட்டிப்போக, இவரும் வேறு வழியில்லாமல் பின்னால் போனார். மூட்டை கண்மேல் தன்னைக் கொஞ்சநேரம் சாய்த்தது, அவ்வளவுதான். எஜே கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது புருஷனை.

"அடப்பாவி, இவ்வளவு கிழவனாயிட்டியா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கெண்டியைப் பார்த்து வாயைத் திறந்தார். என்ன கேட்கப் போகிறார் என்று எஜேவுக்கா தெரியாது? மடியிலிருந்த ரொட்டியை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"சத்தியம் பண்ணு. இவங்ககிட்ட அந்தக் கேள்வியைக் கேக்கமாட்டேன்னு ரொட்டி மேல சத்தியம் பண்ணு."

"பூபு..."

"எனக்குக் கண்ணு குடுத்தவங்க. பண்ணு!"

அவர் பண்ணினார். ரொட்டி மேல் செய்த சத்தியத்தை மீறினால் அந்த ரொட்டியே அடிக்கும் என்பது எங்களுக்குச் சிறுவயதிலிருந்து தெரியும்.

அவர்கள் கணக்கில் மூன்றாம் நாள் முடியும் ஆகஸ்டு வந்தது. கூட்டணி எங்களை வானத்திலுள்ள தங்கள் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தது. முதலில் நாற்பது பேர், பிறகு மற்றவர்கள். குணமானவர்களுக்கே முதல் இடம். ஊர் அலுவலகக் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். முதல் பெயர் பூபுசாரா. ஐந்தாவது நான். கல்முர்சா பாய்கேவின் பெயர் எங்கும் இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், என் நாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். எஜே பயணத்துக்குத் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். பாய்கே கதவோரம் உட்கார்ந்திருந்தார்.

"எப்பத் திரும்புவ?" என்று மனைவியிடம் கேட்டார்.

"விருந்துக்குக் கூப்பிட்டவங்ககிட்ட அதைக் கேப்பாங்களா? மானத்தை வாங்காத."

"எனக்கு மானம் வேண்டாம். நீ வேணும்."

எஜே கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு துணியை மடித்தது.

"இந்த வயசுல இதெல்லாம் பேசக் கத்துக்கிட்டான் பாரு," என்று என்னிடம் சொன்னார்.

பாய்கே தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உன் தம்பி ஆசிலை நான் கேக்கல, பூபு."

ஆசில் செத்து முப்பது வருடம் இருக்கும். கணவாயில் பனிச்சரிவில் போனான் என்பதுதான் ஊருக்குத் தெரியும். மீதியை அன்றுதான் நானும் கேட்டேன்.

"புதுசா வேலைக்குச் சேர்ந்த வருஷம். குதிரையில வந்தான். மச்சினன், மரியாதைப்பட்ட ஆளு, இவன்கிட்டப் போயி எங்க போற எப்ப வர்றன்னு கேக்குறதான்னு கம்பத்தைத் தூக்கிட்டேன். அவனும் சொல்லல. ரெண்டு நாள்ல அந்தப் பக்கம் எறங்கிருப்பான்னு நெனச்சேன். அஞ்சாம் நாள் வரைக்கும் யாரும் தேடல. தேடணும்னே எனக்குத் தெரியல. வசந்தத்துலதான் கெடச்சான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கு சாயங்காலமே மண்வெட்டி எடுத்துட்டுப் போயிருப்பேன்."

எஜே திரும்பவில்லை. "சத்தியம் பண்ணியிருக்க," என்றார் சுவரைப் பார்த்து. அதற்கு மேல் அங்கே நிற்க எனக்குச் சங்கடமாக இருந்தது. நாயைப் பற்றிச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை நாற்பது பேரும் மேட்டில் வரிசையாக நின்றோம். எல்லாரும் நல்ல உடுப்பு. உச்சி வெயிலுக்கு மூன்றாம் நாள் முடிகிறது, அப்போது கதவு திறக்கும் என்று கெண்டி சொல்லியிருந்தது. அதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது கல்முர்சா பாய்கே கம்பை ஊன்றி மேடேறி வந்தார். மூச்சு வாங்கியது. மெதெர்பெக் குறுக்கே போனார்.

"பாய்கே, உங்க பேரு பட்டியல்ல இல்லையே."

"தெரியும். தள்ளு."

நான் வரிசையை விட்டுப் போய் அவர் முழங்கையைப் பிடித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், பிடித்து இழுத்தேன். "வேண்டாம் பாய்கே. ஊரே அசிங்கப்பட்டுப் போயிரும்."

"விடுடா, சாகின். அசிங்கத்தால யாரும் செத்ததில்ல."

கையை உதறிக்கொண்டு மூன்று பேர் முன்னாலும் போய் நின்றார். தலையிலிருந்த கல்பாக் தொப்பியைக் கழற்றி, மரியாதையாக நெஞ்சோடு வைத்துக்கொண்டு கேட்டார்.

"விருந்தாளிங்களே, எதுக்கு வந்தீங்க?"

பின்னால் நாற்பது பேரும் ஒன்றாக முனகினார்கள். பூபுசாரா எஜே சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். "ரொட்டி உன்னை அடிக்கும்டா!" என்று ஒரு கிழவர் கத்தினார்.

ஆனால் நான் விருந்தாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

மூட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. அதற்குப் பேச வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது. "நட்புக்காக..." என்று இழுத்தது.

"கவனம்," என்றது கெண்டி. "கேட்டவனிடம் பொய் சொல்லக்கூடாது என்பது கூட்டணி விதி. சொன்னால் உன் பங்கு எங்களுக்கு."

மூட்டை வாயை மூடிக்கொண்டது. கெண்டி எங்கள் பக்கம் திரும்பி, செய்தி வாசிப்பது போல நிதானமாகச் சொன்னது.

"உங்களை எடுத்துப்போக வந்தோம்."

"எதுக்கு?"

"வேலைக்கு. பதினேழு குடிகளுக்கும் ஆள் போதவில்லை. நீங்கள் பழுதாகியிருந்தீர்கள். சரிசெய்தால் நெடுநாள் உழைப்பீர்கள்."

"எப்பத் திருப்பி விடுவீங்க?"

"திருப்பி விடுவதில்லை."

நான் ஓட்டை டிராக்டரை வாங்கி, சரிசெய்து, நல்ல விலைக்குத் தள்ளிவிடுகிறவன். எந்த டிராக்டரிடமும் சம்மதம் கேட்டதில்லை. என் முதுகில், அவர்கள் சரிசெய்த அதே இடத்தில், சில்லென்று ஏதோ இறங்கியது.

பாய்கேதான் மறுபடி கேட்டார். "நாங்க வரலைன்னா?"

"வலிந்து பிடிப்பது எங்கள் கூட்டணியில் குற்றம். மூன்று நாள் கேட்காமல் வைத்திருக்கும் வீடு தன்னையே தந்துவிட்டதாக எடுத்துக்கொள்வோம். அதற்காகத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தோம். இன்னும் ஒரு மணி நேரம்தான் பாக்கி இருந்தது." இதைச் சொல்லும்போது மட்டும் அதன் குரலில் குறைபட்டுக்கொள்வது போல ஏதோ இருந்தது. "கேட்டுவிட்டீர்கள். இனி உரிமை இல்லை."

நெட்டையன் குனிந்து உள்ளே போனான். மூட்டை உருண்டு போனது. வெள்ளை வீடு கூடாரம் மடிப்பது மாதிரி மடிந்து, சத்தமில்லாமல் மேலே போயிற்று. போய் வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. புல்லில் மஞ்சளாக ஒரு வட்டம் மட்டும் கிடந்தது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள். மெதெர்பெக் வானத்தைப் பார்த்து, இத்தனை வயதில் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அது அப்படியே பரவி, நாற்பது பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். நல்ல உடுப்போடு புல்லில் புரண்டவர்களும் உண்டு.

பூபுசாரா எஜே மட்டும் நின்றிருந்தார். நேராகப் போய் கையிலிருந்த துணி மூட்டையாலேயே புருஷன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"என்கிட்ட சத்தியம் பண்ணினியேடா!"

"பண்ணேன்."

"ரொட்டி உன்னை அடிக்கப் போகுது!"

"அடிக்கட்டும். பக்கத்துல இருந்து நீ களிம்பு போடு."

எஜே இன்னொரு அடிக்குக் கையை ஓங்கினார். ஆனால் அது இறங்கி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. ஊர் வந்து சேரும்வரை விடவில்லை.

குணமான எதையும் அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எஜேவின் கண்ணும் என் முதுகும் இன்றைக்கும் நன்றாகவே இருக்கின்றன. ரொட்டியும் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தாலும் மூட்டு வலியோடு சேர்த்து அவர் கவனித்திருக்கமாட்டார்.

விருந்துக்குப் போகிற அவசரத்தில் அன்று காலை யாரும் மாடு கறக்கவில்லை. நாங்கள் கீழே வந்து பார்க்கும்போது கன்றுகளெல்லாம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, மடியை ஒட்டக் குடித்துவிட்டு, வயிறு உப்பித் தெருவில் படுத்துக் கிடந்தன. ஒரு வீட்டிலும் சொட்டுப் பால் இல்லை. எஜே கறுப்புத் தேநீர் ஊற்றி முதல் கிண்ணத்தைப் புருஷன் கையில் கொடுத்தார். பாலில்லாத தேநீரை வாயில் வைக்காத ஆள் அவர். முழுக்கக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று கிண்ணத்தை நீட்டினார்.