ஏழு பேரை உட்கார வைத்த கைத்தாங்கல்

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கைத்தாங்கல் என்றால்தான் தெரியும். யார் பக்கத்தில் நடந்தாலும் அவள் கை தானாகப் போய் அவர்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளும். கிழவர், வாலிபர் என்ற பேதமே கிடையாது. ஒருமுறை தபால்காரரை அப்படிப் பிடித்து நாலு வீடு தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிட்டாள். அவரும் பேசாமல் போயிருக்கிறார். அந்தப் பிடியில் அதட்டலும் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. பிடிபட்டவருக்கு, நாமும் இந்தப் பக்கம்தானே வர நினைத்தோம் என்று தோன்றிவிடும். அவள் கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். "இவ என்னைக் கல்யாணம் பண்ணிக்கல, கூட்டிட்டு வந்துட்டா" என்று பூட்டைக் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

முதியோர் பகல் இல்லம் ஒன்றில் அவளுக்கு வேலை. காலையில் பெரியவர்கள் வருவார்கள், சாயங்காலம் வீடு திரும்புவார்கள். நடுவில் அவர்களை நடக்க வைப்பது, குளிக்க வைப்பது, மாத்திரை விழுங்க வைப்பது, சீட்டாட்டத்தில் மூளும் சண்டையை அடக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. கணவரின் தங்கை அதே இல்லத்தில் சமையல். அண்ணியும் நாத்தனாரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் ஒரு வாரம் தாங்காது என்று உறவுக்காரர்கள் நாள் குறித்தார்கள். இவர்களோ ஒருவர் வாயை ஒருவர் பிடுங்கிக்கொண்டு வருஷக்கணக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வினை ரோடு வழியாக வந்தது. இல்லம் ரோட்டுக்கு இந்தப் பக்கம், பஸ் நிறுத்தம் அந்தப் பக்கம். ரோடு குறுகலாக இருந்தவரை கையைக் காட்டினால் வண்டிகள் நின்றன. அகலப்படுத்திய பிறகு லாரிகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள், முன்பு தையல்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் நடுரோட்டுத் திட்டில் மாட்டிக்கொண்டார். போகவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை. சும்மா நிற்பானேன் என்று கைத்தடியைத் தூக்கி, போக்குவரத்துக் காவலர் போல இரண்டு பக்கமும் வண்டிகளை அனுப்ப ஆரம்பித்துவிட்டார். கைத்தாங்கல் போய் அழைத்து வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அவர் மருமகளுக்குத்தான் பூரிப்பு வரவில்லை. மறுநாளிலிருந்து அவரை அனுப்பவில்லை. அவரைப் பார்த்து இன்னொருவர் நின்றார், பிறகு இன்னொருவர். பாதி நாற்காலிகள் காலியான பிறகு நிர்வாகம் வாயைத் திறந்தது. இப்படியே போனால் இல்லத்தை மூடிவிடுவோம் என்றது.

மூடினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வேலைக்குப் போகிற பிள்ளைகள் வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள். உள்ளே பெரியவர் சுவரோடு பேசிக்கொண்டிருப்பார். அவளும் நாத்தனாரும் வேறு வேலை தேடிக் கிளம்ப வேண்டியதுதான். தேவைப்பட்டது ஒரு சிக்னல், அதன் கீழே ரோட்டைக் கடக்க வெள்ளைக் கோடு. போட்டுத் தர ரோட்டுக்காரர்கள் தயார். நகர மன்றம் தீர்மானம் போட வேண்டும்.

மன்றத்தில் அந்த விஷயம் எப்போதும் கடைசியாகத்தான் வந்தது. அதற்கு முன்னால் பூங்கா நீரூற்று வரும். பழையதைச் சரிசெய்வதா, புதிது வைப்பதா, மீன் வாயிலிருந்து தண்ணீர் வர வேண்டுமா, அன்னத்தின் வாயிலிருந்தா என்று பேசிப் பேசி மாய்வார்கள். அது முடிவதற்குள் உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கம்பி நீட்டிவிடுவார்கள். ஏழு பேராவது உட்கார்ந்திருந்தால்தான் தீர்மானம் செல்லும். இரண்டு கூட்டங்கள் இப்படியே ஆறு பேரோடும் ஐந்து பேரோடும் கலைந்தன. பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம் உண்டு. இரண்டு தடவையும் அவள் எழுந்து தொண்டையைக் கனைத்ததோடு சரி.

அடுத்த வாரம் ரோட்டு வேலை முடிந்து ஆட்கள் வேறு ஊருக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நாத்தனார் சோர்ந்துபோனாள். கைத்தாங்கல் சோர்கிற ஜாதி இல்லை. இரண்டு கூட்டங்களிலும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்ததைச் சொன்னாள். உறுப்பினர்கள் பொதுமக்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். அந்த முதுகுகளை அவள் படித்திருந்தாள். ஒருவருக்கு இடுப்புவலி, நெளிந்துகொண்டே இருந்தார். ஒருவருக்குப் பசி. இரண்டு பேருக்கு அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும், போனால் திரும்பி வர மனசு வருவதில்லை.

"நம்ம பெரியவங்களும் இப்படித்தானே சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாசலப் பார்ப்பாங்க? அவங்கள எப்படி உட்கார வைக்கிறோம்?"

நாத்தனார் யோசித்தாள். "பாட்டு போட்டு."

"பாட்டு வேணாம். மத்ததெல்லாம் எடுத்துக்கோ."

மூன்றாவது கூட்டத்துக்கு இருவரும் இரண்டு பை நிறையத் திண்டு, பிஸ்கட், வெந்நீர்க் குடுவை என்று மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் பியூன் மறித்தார். மன்றத்துக்குள் இதெல்லாம் கூடாது என்றார். அவர் ஒரு காலில் பாரம் போட்டு நிற்பதைப் பார்த்த கைத்தாங்கல், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, முட்டிக்கு அடியில் ஒரு திண்டைச் செருகினாள். "இப்ப நீட்டிப் பாருங்கண்ணா." அவர் நீட்டிப் பார்த்தார். அதன்பிறகு யானையே உள்ளே போயிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

கூட்டம் ஆரம்பித்தது. இடுப்புவலி உறுப்பினர் முதுகுக்குப் பின்னால் ஒரு திண்டு போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒரு பெருமூச்சு விட்டார், சற்று நேரத்தில் தூங்கிப்போனார். பசிக்காரர் கைக்கு எட்டும் தூரத்தில் பிஸ்கட் வந்தது. யாராவது எழுந்து பாத்ரூம் பக்கம் நகர்ந்தால் நாத்தனாரோ அவளோ பின்னாலேயே போய், வெளியே காத்திருந்து, முழங்கையைப் பிடித்து நாற்காலியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்தவர்கள் கர்ச்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள். மேடையில் இருந்த தலைவர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. கண்ணாடி போட்டால் வயது தெரியும் என்று அதைப் பையிலேயே வைத்திருப்பவர் அவர். வழக்கமான செயலர் அன்று விடுப்பு. அவருக்குப் பதிலாக வரிப் பிரிவிலிருந்து வந்திருந்தவர் உறுப்பினர் எவரையும் முன்பின் பார்த்ததில்லை. பென்சிலை நீட்டித் தலைகளை எண்ணுவதோடு சரி.

நீரூற்று வந்தபோது சரியாக ஏழு தலை. அப்போது பார்த்து மரக்கடைக்காரர் எழுந்தார். உறுப்பினர்களில் பெரிய மீசை அவருக்குத்தான். தூங்குகிறவருக்கும் ஒரு காலி நாற்காலிக்கும் நடுவில் இருந்தது அவர் இடம். கைத்தாங்கல் பின்னாலேயே போனாள். பாத்ரூம் வாசலில் கூட்டம். ஒரு நிமிஷம் கண்ணை விட்டு மறைந்தார். அடுத்த நிமிஷம், நடைவழி ஓரத்தில் அதே பிடரி, இரண்டு மடிப்பு, மேலே உள்ளங்கை அளவு வழுக்கை, வெள்ளைக் காலர். பின்னாலிருந்தே முழங்கையைப் பிடித்தாள்.

"வாங்க ஐயா, இன்னும் கொஞ்ச நேரந்தான். உள்ள உட்காரலாம்."

அவர் வந்தார். உட்கார வைத்து, பின்னாலிருந்தே ஒரு பிஸ்கட்டையும் நீட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். முதுகை வைத்தே ஆளைச் சொல்லுவேன் என்று இல்லத்தில் அவள் பெருமை அடித்துக்கொள்வது வழக்கம். அன்றைக்கும் நாத்தனாரிடம் அதையே சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

தலைவர் நீரூற்றைப் பற்றி ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். மீன் என்றார் ஒருவர், அன்னம் என்றார் ஒருவர். மரக்கடைக்காரரின் முறை வந்தது. நாற்காலியில் இருந்தவர் மைக்கைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "பேரிங் போயிடுச்சுங்க. சத்தம் கேட்டாலே தெரியுது. மாத்திடலாம்" என்றார். இத்தனை மாதத்தில் நீரூற்றைப் பற்றி உருப்படியாக யாரும் பேசியதில்லை. பார்வையாளர்கள் கை தட்டினார்கள். அப்படியே ஓட்டுக்கு விட்டார்கள். மற்றவர்கள் கை தூக்குவதைப் பார்த்து அவரும் தூக்கினார். நீரூற்று நிறைவேறியது.

அப்போதுதான் அவர் கைதட்டியவர்களைப் பார்க்கத் திரும்பினார். மீசை இல்லை.

நாத்தனாரின் விரல்கள் கைத்தாங்கலின் தொடையில் பதிந்தன. "அண்ணி, அது யாரு?"

கைத்தாங்கல் எட்டி இன்னொரு தடவை பார்த்தாள்.

"அண்ணி, அது ஃபேன் ரிப்பேர் பண்றவரு. எங்க தெருவுலதான் கடை. யாரை இழுத்துட்டு வந்தீங்க நீங்க?" சொல்லும்போதே நாத்தனாருக்குச் சிரிப்பு பீறிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். கைத்தாங்கலுக்கும் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. தலைக்கு மேலே மன்றத்து மின்விசிறி கீச்சு கீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டு நடைவழியில் காத்திருக்க வைத்த மனிதரை, உறுப்பினராக்கி ஓட்டும் போட வைத்தாயிற்று.

தலைவர் அடுத்த விஷயத்தை எடுத்தார். ரோட்டைக் கடக்கும் சிக்னல். வரிப் பிரிவுக்காரர் பென்சிலை நீட்டினார். ஏழு தலை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஐந்து நிமிஷத்தில் கோடு வந்துவிடும்.

"பேசாம இருங்க அண்ணி. யாருக்குத் தெரியப்போகுது?"

"நாளைக்கே தெரியும். ஃபேன்காரர் கைதூக்கிப் போட்ட கோட்டை நாளன்னைக்கே அழிச்சிடுவாங்க. கோடு போட்டாச்சுன்னு நம்பி நம்ம ஆளுங்க கால வைப்பாங்க." சிரிப்பு அதோடு நின்றது. "மூணு நிமிஷம் நீ பேசு. நான் மீசையைப் பிடிச்சிட்டு வரேன்."

"நான் என்ன பேசறது?"

"தையல்காரரப் பத்திப் பேசு."

நாத்தனார் எழுந்து, சமையலறையில் பேசுவதைப் போலவே பேச ஆரம்பித்தாள். கைத்தடியைத் தூக்கி லாரிகளை அனுப்பியதை நடித்தும் காட்டினாள். தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துக்கொண்டார். கைத்தாங்கல் படியில் இறங்கி ஓடினாள். மரக்கடைக்காரர் வண்டி நிறுத்துமிடத்தில் காருக்குள் ஒரு காலை வைத்துவிட்டார். அவள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். ஒரே ஒரு ஓட்டு, ஐந்தே நிமிஷம் என்றாள். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார், அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். முழங்கையைப் பிடித்தாள். பிடி வேலை செய்யவில்லை. கதவு சாத்தப்பட்டது.

கைத்தாங்கல் குனிந்து, கார் ஜன்னலுக்குள் முகத்தை நீட்டினாள்.

"சரிங்க ஐயா, போயிட்டு வாங்க. அங்க ஒண்ணும் குறையில்ல. உங்க நாற்காலியில இன்னொருத்தர் உட்கார்ந்திருக்கார்."

கார் உறுமல் நின்றது. "யாரு?"

"யாரோ. நல்லாப் பேசறாருங்க. எல்லாரும் கை தட்டினாங்க."

அவர் கார்க் கதவைச் சாத்தக்கூட இல்லை. இரண்டிரண்டு படியாகத் தாவினார். எத்தனையோ பேரை எங்கெங்கோ கூட்டிச் சென்றவளுக்கு, பிடித்துக்கொண்டுவர வேண்டியவர் முன்னால் ஓட, தான் பின்னால் ஓடியது அதுவே முதல் தடவை. கார்க் கதவைச் சாத்திவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு வேண்டாமென்று ஓடினாள்.

மன்றத்துக்குள் மரக்கடைக்காரர் தன் நாற்காலியைப் பார்த்து விரலை நீட்டியபடி மூச்சு வாங்க நின்றார். நாற்காலியில் இருந்தவர் மரியாதையாக எழுந்தார். "நான் ஃபேன் பார்க்க வந்தேனுங்க. அந்த அம்மாதான் உட்கார வச்சாங்க. பிஸ்கட்டும் குடுத்தாங்க." கூட்டமே திரும்பியது. தலைவர் வேறு வழியில்லாமல் பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பார்வையாளர் வரிசையில் யாரோ அடக்க மாட்டாமல் சிரிக்க, அது ஒவ்வொரு வரிசையாகத் தாவி, கடைசியில் தலைவரின் தொப்பையும் குலுங்கியது.

சிரிப்பு ஓய்ந்ததும் தலைவர், யார் செய்த வேலை இது என்று கேட்டார். கைத்தாங்கல் கையைத் தூக்கினாள்.

"நான்தாங்க. ஆள் மாறிப்போச்சு, மன்னிச்சுக்கங்க. நீரூற்று ஓட்டை மறுபடி எடுத்துக்கங்க. ஆனா இப்ப ஏழு பேரும் அசல். யாருக்காவது பாத்ரூம் வர்றதுக்கு முன்னாடி எங்க கோட்டை முதல்ல கேட்டுடுங்க."

மரக்கடைக்காரர் நாற்காலியில் அமர்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். ஃபேன்காரருக்குக் கைதட்டு கிடைத்தது அவர் மனசில் உறுத்தியிருக்க வேண்டும். தானும் பேச வேண்டும் என்றார். பேசினார். முதியோர் என்றார், சமுதாயம் என்றார், சமுதாயத்திலிருந்து தன் மரக்கடைக்கு வந்தார், அங்கேயே வெகுநேரம் தங்கினார். பசிக்காரர் பையை எடுத்து மடியில் வைத்தார். நாத்தனார் போய் வாசற்கதவில் சாய்ந்து நின்றாள். பியூன் நாற்காலியோடு நகர்ந்து அவளுக்குத் துணையாக உட்கார்ந்துகொண்டார்.

ஒருவழியாகத் தலைவர் கை தூக்கச் சொன்னார். ஏழு கையும் உயர்ந்தன. எல்லாவற்றிலும் உயரமாக மரக்கடைக்காரரின் கை. எட்டாவதாக, வாசலோரம் வந்து நின்ற ஃபேன்காரரும் பழக்கதோஷத்தில் தூக்க, நாத்தனார் அதை மெல்ல இறக்கிவிட்டாள். நீரூற்றுக்கு வந்தபோது உறுப்பினர்கள் பாதிப் பேர் வாசலைத் தாண்டிவிட்டார்கள். அது இன்னும் முடிவாகவில்லை.

அந்த வாரக் கடைசியில் சிக்னல் நட்டார்கள், கோடு போட்டார்கள். திங்கட்கிழமை காலை பெரியவர்கள் எல்லோரையும் வீட்டில் அனுப்பியிருந்தார்கள். தையல்காரரின் மருமகள் தானே அழைத்து வந்தாள். அவர் எதிர்ப்பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்தினார். மணல் லாரி, பஸ், மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவர் நிதானமாக இந்தப் பக்கம் வந்தார். வந்தவர் இல்லத்துக்குள் நுழைய வேண்டுமே? திரும்பிப் பொத்தானை அழுத்தி அந்தப் பக்கம் போனார். அங்கே நின்ற மற்றவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. கூட்டமாகக் கைத்தடியும் சக்கர நாற்காலியுமாக இங்கே வந்தார்கள், அங்கே போனார்கள், மறுபடி வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் லாரி நிற்பதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். மணல் லாரிக்காரர் வண்டியை அணைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"மாத்திரை நேரம் தாண்டுது, உள்ள வாங்க எல்லாரும்" என்று கத்திக்கொண்டே கைத்தாங்கல் வெள்ளைக் கோட்டின் நடுவில் ஓடினாள். முதல் ஆளாகத் தையல்காரரின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஒரே ஒரு தடவைம்மா" என்றார் அவர். "அந்த பஸ்ஸ மட்டும் நிறுத்திட்டு வந்துடறேன்."

அவள் பஸ்ஸைப் பார்த்தாள். ஓட்டுநரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரி, அழுத்துங்க" என்றாள்.