எமில் டுடெக் தேய்த்த முதுகு

எமில் டுடெக்கின் நல்ல பேச்சுகள் எல்லாம் அம்மணமாகப் பேசியவை. எங்கள் மரியானா நிலக்கரிச் சுரங்கத்தில் கூட்டம் போடக் கூடாது என்று நிர்வாகம் பலகை மாட்டியிருந்தது. ஆனால் வேலை முடிந்து மேலே வரும் நானூறு பேரும் ஒரே கூடத்தில்தான் குளித்தாக வேண்டும். அதிகாரிகளுக்குத் தனிக் குளியலறை உண்டு; எங்கள் கூடத்தில் கால் வைக்க அவர்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தின் தயவில்தான் எங்கள் கம்யூனிஸ்ட் கிளை வளர்ந்தது.

ஜெர்மனியின் கிழக்குக் கோடி மசூரியாவில் பண்ணைக் கூலிக்குப் பிறந்தவன் எமில். பதினாறு வயதில் மேற்கே எங்கள் ரூர் சுரங்கப் பகுதிக்கு வந்து குழியில் இறங்கினான். இருபதாவது வயதில், வாயு வெடித்துப் பதினேழு பேர் செத்தார்கள். அடக்கத்தின்போது பாதிரியார் ஆண்டவன் சித்தம் என்றார். எமில் கூட்டத்திலிருந்தே கேட்டான்: "ஐயா, காத்து வர்ற வழிய ஆறு மாசமா அடைச்சு வச்சிருந்தது ஆண்டவனா, மேனேஜரா?" அன்றோடு அவன் தேவாலயத்தை விட்டான், தொழிற்சங்கத்தைப் பிடித்தான். உலகப் போர்முனையிலிருந்து திரும்பியதும் கட்சியில் சேர்ந்தான். நகரமன்றத்துக்கு உறுப்பினராகப் போன முதல் நாளே, சதுக்கத்து வெண்கலக் குதிரைச் சிலைக்கு மெருகு போடுகிற நகராட்சி பள்ளிப் பிள்ளைக்கு ஒரு குவளை பால் கொடுக்காதா என்று மேசையைத் தட்டினான். பால் வந்தது.

1926 வசந்தத்தில், சமூக ஜனநாயகக் கட்சியின் கையிலிருந்த சங்கத் தலைமையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கம்யூனிஸ்ட் டுடெக்கை நீக்குவது பற்றி எங்கள் சுரங்கத்துச் சங்கக் கிளை வாக்கெடுக்க வேண்டும். சங்கம் நீக்கினால் தொழிலாளர் குழுவில் அவனுக்கு இடம் போகும். குழுவில் இருக்கும்வரைதான் நிர்வாகம் அவன்மேல் கைவைக்க முடியாது. பிறகு வேலை போகும், கம்பெனி வீடும் போகும். அவன் மனைவி ஹெட்விக் என்னிடம் சொன்னாள்: "மூணு புள்ளைங்களையும் இழுத்துக்கிட்டு எங்க போறது? அந்த லோகாம்ப் வீட்டு வாசல்லதான் பாய் விரிப்பேன்."

ஃபிரிட்ஸ் லோகாம்ப் எங்கள் சங்கக் கிளைத் தலைவர். அவரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். கூட்டத்துக்குக் கூட்டம் எமிலோடு சண்டை. ஆனால் ஏழு வருடமாக எமிலின் முதுகை அவரும், அவர் முதுகை எமிலும்தான் தேய்த்துவிட்டார்கள். கரி அப்பிய நடுமுதுகுக்குத் தன் கை எட்டாது. ஆகவே குழிக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு முதுகுக் கூட்டாளி உண்டு. கூட்டாளியை மாற்றுவது மணவிலக்குக்குச் சமம்.

கடிதம் வந்த வாரம் எமில் காய்ச்சலில் படுத்திருந்தான். எங்கள் ஆட்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்கள்: லோகாம்ப்பை வழிக்குக் கொண்டுவர அவர் முதுகை யாரும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். நானும் அதில் ஒருவன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வாக்கெடுப்பு நாளன்று எமில் வேலைக்குத் திரும்பினான். கூடத்து மூலையில் லோகாம்ப் சுவரில் மாடு மாதிரி முதுகை உரசிக்கொண்டிருந்தார்.

"யாருடா செஞ்சது இத?" என்றான் எமில்.

"உனக்காகத்தான் எமில்," என்றேன்.

"எனக்காகவா? கரிய அப்பிவிட்டது கம்பெனி. கழுவிவிடறது நாம. இந்த ஒரு விஷயத்துலதான் நாம ஒத்துமையா இருந்தோம், அதையும் கெடுத்துட்டீங்களேடா!"

பிரஷ்ஷை எடுத்து லோகாம்ப்பைச் சுவரைப் பார்க்கத் திருப்பினான்.

"இதுக்காக என் ஓட்ட மாத்திப்பேன்னு நெனைக்காத," என்றார் லோகாம்ப்.

"நான் முதுகத்தான்யா தேய்க்கிறேன், மூளைய இல்ல. அதுல ஏறின அழுக்குக்கு சோப்பு போதாது."

"யோவ், மெதுவா! தோல் உரியுது!"

"அஞ்சு நாள் கரி. புரட்சியே வந்தாலும் இந்த எடம் வெளுக்காது போல."

நானூறு பேரும் சிரித்தார்கள். லோகாம்ப் சிரிக்கவில்லை. "திரும்பு," என்று மட்டும் சொல்லி எமிலின் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தார்.

மாலை ஆறு மணிக்கு மதுக்கடைக் கூடம் நிரம்பியிருந்தது. ஓட்டில்லாத ஹெட்விக்கும் வந்து கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். லோகாம்ப் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஆளு என்னைய ஒரு வருஷத்துல நாப்பது தடவ கேவலமா பேசியிருக்கான். முப்பதுக்குப் பதில் சொல்லிட்டேன். மிச்சம் பத்து இருக்கு. இவன வெளிய தள்ளிட்டு அந்தப் பத்த நான் யாருகிட்டப் போயி சொல்றது? மேலிடத்துல இருக்கறவங்களுக்கு முதுக யாரு தேய்க்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது. என் முதுக யாரு தேய்க்கிறான்னு எனக்குத் தெரியும். நீக்கறதுக்கு எதிரா இருக்கறவங்க கை தூக்குங்க."

முதலில் உயர்ந்தது அவர் கைதான். அடுத்து எத்தனை உயர்ந்தன என்று எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. கதவோரம் ஹெட்விக் மேலங்கி நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டு, "சரி, எந்திரி, வீட்டுக்குப் போலாம்," என்று கத்தினாள்.

எமில் எழுந்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தோம்.

"தோழர் லோகாம்ப் சொன்னதுல ரெண்டு தப்பு இருக்கு," என்று தொடங்கினான்.

"உக்காருய்யா!" என்று கத்திக்கொண்டே லோகாம்ப் தன் பீர்க் குவளையை அவன் பக்கம் தள்ளினார்.