இத்தாவில் சுட்ட பாண்

ஊரே என்னை நல்ல பிள்ளை என்று சொன்ன வாரம் ஒன்று உண்டு. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்றார்கள். உம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தார். அந்த வாரத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு முகம் சுடுகிறது; பக்கத்தில் ஒருவரும் இல்லாவிட்டாலும் முந்தானையால் மூடிக்கொள்கிறேன்.

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, கூப்பனுக்குக் கோதுமை மா கொடுத்தார்கள். ஏறாவூரில் எங்கள் வளவுக்குள் இரண்டு வீடுகள் இருந்தன. முன்வீடு உம்மாவுடையது; பின்வீடு உம்மாவின் தங்கையான என் சாச்சியுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவார். சாச்சியின் மாப்பிள்ளை, என் சாச்சா, அப்படி வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வேளாண்மை பார்க்க வயல்வட்டைக்குப் போன இடத்தில் குளிர்காய்ச்சல் பிடித்து மௌத்தாகிவிட்டார். சாச்சிக்கு அப்போது வயது பத்தொன்பது.

வெள்ளை உடுத்தி இத்தா இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் வளவைத் தாண்டக் கூடாது, அந்நிய ஆணின் கண்ணில் படக் கூடாது. வீட்டில் தனியே இருக்க வேண்டாம் என்று எட்டு வயதான என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். பல்லி கத்தினாலே சாச்சியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் நான் எவ்வளவு பெரிய துணை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பதவியில் எனக்கு மிகுந்த பெருமை.

மூன்று நேரமும் மாவில் தட்டிய ரொட்டியைத் தின்று வாய் அலுத்த ஒரு நாளில்தான் சாச்சிக்குப் பாண் சுடும் எண்ணம் வந்தது. பேக்கரியில் உப்பி வெந்து வருவதை நாங்கள் பாண் என்போம். மட்டக்களப்புப் பட்டணத்துக்குப் போனால் சாச்சா அதைக் கடதாசியில் சுற்றி வாங்கி வருவார். சாச்சி அதை மூக்கருகே பிடித்து ஒருதரம் மணந்து பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பார். இப்போது வாங்கி வர ஆளும் இல்லை, வாசலைத் தாண்ட வழியும் இல்லை. கையில் நாள் மட்டும் நிறையக் கிடந்தது.

பின்வீட்டுக் கோடியில், வேலி ஓரமாக, பேக்கரியில் பாண் வேகவைக்க இருப்பதுபோல ஒரு போறணை கட்டினார். போறணை என்பது பெரிய பேச்சு. உண்மையில் அது ஒரு பெரிய மண்சட்டி. அதன் அடியில் மணல், மேலே மூடத் தகரம். சட்டிக்குக் கீழேயும் தணல், தகரத்தின் மேலேயும் சிரட்டைத் தணல். நடுவில் பிஸ்கட் பெட்டி ஒன்றில் பிசைந்த மா. மா பொங்குவதற்கு, இளநீரில் சீனி கரைத்துப் போத்தலில் ஊற்றி, ஒரு இரவு வைத்துப் புளிக்கவிட்டுச் சேர்ப்பார். அப்பத்துக்கு மற்றவர்கள் கள் விடுவார்கள். எங்களுக்குக் கள் ஹராம். ஆகவே எங்கள் வீடுகளில் இளநீர்தான்.

அது மாரிகாலம். வாவிப் பக்கமிருந்து அடித்த குளிர்காற்றில் இளநீர் புளிக்க மறுத்தது. முதல் பாண் வெளியே வந்தபோது மூத்த மாமா அதை வாங்கிச் சுவரில் தட்டிப் பார்த்தார். உம்மாவுக்கும் சாச்சிக்கும் மூத்தவர் அவர். என் வாப்பா வியாபாரத்துக்கென்று மலைநாட்டுப் பக்கம் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார் என்பதால் எங்கள் வளவுக்கும் பெரியவர் மாமாதான். இதை ஆற்றில் எறிந்தால் மீனுக்கு மண்டை உடையும் என்றார். சாச்சா மௌத்தான பிறகு சாச்சி சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

நான்காவது பாணும் கல்லாகியபோது அவர் சிரிக்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதார், விக்கி விக்கி அழுதார். ஒரு பாணுக்காக யாராவது இப்படி அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எப்பாடுபட்டாவது அந்தப் பாணைப் பொங்கவைத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவெடுத்தேன்.

வேலிக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டம். பக்கத்துத் தமிழ் ஊர்க்காரர் ஒருவர் விடியற்காலையில் அங்கே கள் இறக்க வருவார். வேலியில் வாழை மறைத்த பக்கமாக, தென்னங்கிடுகு உக்கி விலகிய ஓரிடத்தில் நின்று நானும் அவரும் சிலவேளை கதைப்பதுண்டு. மறுநாள் என் துக்கத்தை அவரிடம் சொன்னேன். அவர் கள்முட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து கேட்டார்.

“ஒரு சிரட்டை கள்ளு விட்டாக் காணும் பிள்ளை. பட்டணத்துப் பேக்கரிக்காரரே என்னட்டத்தான் வாங்குறவங்க” என்றார்.

கள் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கள் விற்கும் தவறணை இருந்த தெருவால் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவள் நான். ஆனால் பட்டணத்துப் பாணை எங்கள் பள்ளிவாசல் லெப்பையே பாலில் தோய்த்துச் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். தவிரவும், நெருப்பில் வெந்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று எட்டு வயதில் நானே ஒரு மார்க்கத் தீர்ப்பும் வழங்கிக்கொண்டேன். ஒரு பழைய மருந்துப் போத்தலை வேலியால் நீட்டினேன். சாச்சி தொழுகைக்கு ஒளுச் செய்யப் போன நேரம் பார்த்து இளநீரை வாழையடியில் கொட்டிவிட்டு, அது இருந்த போத்தலில் கள்ளை ஊற்றி வைத்தேன். இரண்டும் புளித்த மணம்தான். சாச்சிக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அன்றைக்குப் பாண் தகரத்தை முட்டிக்கொண்டு எழும்பியது. சாச்சி அதைப் பிய்க்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெகுநேரம் நின்றார். முன்வீட்டுக்கு ஒரு துண்டு போனது, மாமாவுக்கு ஒரு துண்டு போனது. பட்டணத்துப் பாண் இதனிடம் தோற்றுப்போகும் என்று சொல்லி அனுப்பினார் மாமா. வியாழக்கிழமை ஓத வந்த லெப்பைக்கு உம்மா தட்டு நிறைய வெட்டி வைத்தார். அவர் மூன்று துண்டு சாப்பிட்டு துஆக் கேட்டார். நான் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். வானம் இடிந்து விழவில்லை. அதனால் மறுநாளும் போத்தலை நீட்டினேன், அதற்கு மறுநாளும் நீட்டினேன். கள் இறக்குபவருக்குக் கைம்மாறாக வாழையிலையில் ஒரு துண்டுப் பாண் சுற்றிக் கொடுப்பேன்.

பக்கத்து வளவுக் கிணற்றடியிலிருந்து ஒரு பெண் இதைப் பார்த்திருக்கிறாள். சுபஹுத் தொழுகைக்குத் தண்ணீர் அள்ள வந்தவளுக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்று கதைக்கும் ஓர் ஆண் தெரிந்தான். இந்தப் பக்கம் போறணையடியில் தணல் ஊதும் சாச்சியின் வெள்ளைச் சேலை தெரிந்தது. வேலியைவிடக் குள்ளமாக நடுவில் நின்ற நான் தெரியவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு, நான்காம் நாள் வாயைத் திறந்திருக்கிறாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாமா வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. சாச்சியை உள்ளே போகச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு உம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எனக்கு விளங்கிவிட்டது. கள் பிடிபட்டுவிட்டது, லெப்பை தின்றதும் பிடிபட்டுவிட்டது, இன்றைக்கு என் தோல் உரியப்போகிறது.

“விடியக்காலையில பின்வேலிக்கு ஆரும் வாறதா புள்ள? பயப்புடாமச் செல்லு. ஒன்ன அடிக்க மாட்டன்.”

அடிக்கமாட்டேன் என்றதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். “ஓம் மாமா. ஒரு ஆளு வாறவரு.”

உம்மா என் தோளை இறுக்கினார். அந்த ஆள் எத்தனை நாளாக வருகிறார் என்று மாமா கேட்டார். ஏழெட்டு நாள் என்றேன். அந்த நேரம் சாச்சி எங்கே நிற்பார் என்று கேட்டார். போறணையடியில் என்றேன். எல்லாம் உண்மை. ஆரைக் காண வருகிறார் என்று கேட்டபோது மட்டும், தெரியாது என்றேன். அன்று நான் சொன்னதில் அந்த ஒரு சொல்தான் பொய்.

கதவுக்குப் பின்னால் நின்ற சாச்சி வெளியே வந்துவிட்டார். முகம் அவர் உடுத்த வெள்ளையைப் போலிருந்தது. மாமாவைப் பார்க்கவில்லை; என் முன்னால் வந்து குந்தினார்.

“மகள், என்னப் பாத்துச் செல்லு. அந்த ஆளு என்னோட எப்பயாச்சும் கதைச்சாரா?”

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அது என் வாய்க்குள் வந்தும்விட்டது. ஆனால் இல்லை என்றால், அப்படியென்றால் ஆரோடு கதைத்தார் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் நான். எனக்குப் பின்னால் போத்தல், போத்தலுக்குள் கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துணைக்கு இருந்த பிள்ளையே சொல்லிவிட்டது, இனி என்ன சாட்சி வேண்டும் என்றார்கள். மாமா சத்தம் போடவில்லை. கோடிப்புறம் போய்ப் போறணையைக் காலால் தள்ளி உடைத்தார். பின்வேலிக்கு இரட்டைக் கிடுகும் முள்ளும் வைத்தார்கள். மீதி இத்தாவுக்குச் சாச்சியை முன்வீட்டு அறைக்கு மாற்றி, உம்மாவே காவல் இருந்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை அங்கே நடந்திருக்க, வேலிக்கு ஊரெல்லாம் புகழ்.

இத்தா முடிந்ததும் சாச்சியைக் கேட்டு வரலாம் என்று காத்தான்குடியில் ஒரு நெசவுக்காரக் குடும்பம் இருந்ததாம். அவர்கள் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. ஓட்டமாவடியில் பேரப்பிள்ளை கண்ட ஒருவருக்கு அவசர அவசரமாக நிக்காஹ் நடந்தது. அவர் பெண்வீட்டுக்கு வர மறுத்துவிட்டார். பெண்ணை அனுப்பச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போன முதல் பெண் சாச்சிதான்.

மாமா அன்று கேட்டது கள்ளைப் பற்றி அல்ல என்பது, என்னைக் குமர் என்று வீட்டுக்குள் இருத்திய வயதில்தான் எனக்கு உறைத்தது. உறைத்த பிறகாவது சொன்னேனா? இல்லை. சாச்சி அதன்பின் முப்பது வருடத்துக்கு மேல் உயிரோடிருந்தார். பெருநாளுக்குப் பெருநாள் அவர் கையால் வட்டிலப்பம் வாங்கித் தின்றேன். அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்துவிட்டு எழும்பி வந்தேன். பழியைத் தூக்கி எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு நான் போக முடியாது. அந்தப் பிள்ளை செய்தது ஒரு நாள் வேலை. மீதியெல்லாம் நான் செய்தது.

சாச்சி ஓட்டமாவடிக்குப் புறப்பட்ட அன்று என்னையும் மாட்டுக்கரத்தையில் ஏற்றிக்கொண்டார். தெரு முடக்குவரை வரட்டும் என்று அவரே கேட்டாராம். ஒரு தகரப்பெட்டியும் தலையணையும் ஏற்றியிருந்தார்கள். கரத்தைக்காரர் முன்னால் மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார். சாச்சி முக்காட்டை விலக்கி என் காதருகே குனிந்தார். குரலில் கோபம் இல்லை. எத்தனையோ நாள் யோசித்தும் விடை கிடைக்காத கணக்கைக் கேட்பதுபோலக் கேட்டார்.

“நான் ஏச மாட்டன் மகள். ஒருத்தருக்கும் செல்லவும் மாட்டன். எனக்கு மட்டும் செல்லு. அந்த ஆளு ஆரு?”

இவருக்கும் கள்ளின் மேல் சந்தேகம் வந்துவிட்டது, இறங்கும் நேரத்தில் மாட்டப்பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“தெரியா சாச்சி” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்று தலையசைத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். முடக்கில் கரத்தையை நிறுத்தி என்னை இறக்கிவிட்டார்கள். இரண்டாம் தடவையும் நான் தப்பிவிட்டேன். இனிக் கேட்க ஆளில்லை. அந்தச் சந்தோஷத்தில் வீடுவரைக்கும் ஓடியே வந்தேன்.