எரிமலை இல்லாத எரிமலைத் தீவு

மகள் பூனை வளர்க்க ஆசைப்பட்டாள். பூனையின் வேலைகள் எல்லாவற்றையும் தானே பார்ப்பதாகச் சத்தியமும் செய்தாள். இப்போது பூனை அவளுடையது, பூனை வெளிக்குப் போகும் மண்பெட்டி என்னுடையது. போன சனிக்கிழமை புது மண்பையொன்றை வெட்டிப் பெட்டிக்குள் கொட்டியபோது வெளிர்நிறத் தூசி எழும்பி மூக்கில் ஏறியது. காய்ந்த சோக்கட்டியின் மணம். தும்மிக்கொண்டே பையைத் திருப்பிப் பார்த்தேன். ஃபூர் தீவின் மண்ணிலிருந்து செய்ததென்று போட்டிருந்தது. பூனை அவசரத்தில் என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் வெறும் பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தத் தீவுக்கு நான் ஒரே ஒரு தரம் போயிருக்கிறேன். சித்தப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். டென்மார்க்கில் எரிமலையா என்று கேட்பீர்கள். நாங்களும் அதைத்தான் கேட்டோம், ஆனால் போய் இறங்கிய பிறகு.

அது எங்கள் ஆட்களுக்கு லண்டன் காய்ச்சல் பிடித்திருந்த காலம். டெனிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இஷொய்யில் எங்கள் குடியிருப்பிலிருந்தே பலர் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் முன்வரிசைகள் காலியாகிக்கொண்டு வந்தன. பூசை முடிந்து வெளியில் நின்று கதைத்தால் அடுத்தது ஆர் என்பதுதான் கதை. சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பாவுக்குப் புரொண்பியில் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அவருடைய தமையன் லண்டனிலிருந்து நாள் தவறாமல் போன் எடுப்பார். அங்கே தமிழிலேயே சீவிக்கலாம், பிள்ளைகள் இங்கிலிஷ் படிப்பார்கள், கறுத்தக் கொழும்பான் மாம்பழம் தெருவிலே விற்கிறது என்பார். மாம்பழத்தில் சித்தப்பா விழுந்துவிட்டார். பிள்ளைகளின் பள்ளிக்கூட வருசம் முடிந்ததும் குடும்பத்தோடு போவதென்று முடிவாயிற்று.

முடிவான பிறகு அவருக்கு ஒரு கவலை வந்தது. இத்தனை வருசம் இந்த நாட்டில் இருந்தும் வேலையும் வீடும் பாலர் பாடசாலையும் தவிர ஒன்றையும் பார்க்கவில்லையே என்ற கவலை. யூலாந்துக்காரன் ஒருவன் அவரோடு வேலை செய்தான். அவன்தான் தங்கள் பக்கத்தில் எரிமலைச் சாம்பலால் ஆன ஒரு தீவு இருப்பதாகச் சொன்னான். சாம்பல் என்றது சித்தப்பாவின் காதில் விழவில்லை. எரிமலை என்பது மட்டும் விழுந்தது.

நான் அப்போது அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம். லைசென்ஸ் எடுத்த புதிது. வாடகைக்கு எடுத்த வானை ஓட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்பாவுக்கு முதுகு நோ, சித்தப்பாவுக்கோ வழியெல்லாம் தமையனோடு கதைக்க வேண்டும். விடியப் புறப்பட்டோம். வான் நெடுஞ்சாலையில் ஏற முன்னமே அம்மா செபமாலையைத் தொடங்கிவிட்டார். வழக்கத்தைவிட அவர் சத்தமாய்ச் செபித்தது என் ஓட்டத்தைப் பார்த்துத்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். பெரிய பாலத்தில் காற்று வானைப் பிடித்து உலுப்பியபோது எல்லாரும் ஒரே குரலில் 'அருள் நிறைந்த மரியே' என்றார்கள். சித்தப்பாகூட போனை வைத்துவிட்டார்.

சித்தி மட்டும் செபத்தில் சேரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொரித்த ரோல்ஸ் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். அவருடைய மகள் நிரோஷா காதில் வயரை மாட்டிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் டெனிஷில் ஒரு சொல் பதில் சொன்னாள். அவளுடைய தம்பி, சின்னவன் டெனிஸ், எரிமலைக் குழம்பு எவ்வளவு தூரம் பாயும் என்று எல்லாரையும் கேட்டுக் களைத்து நித்திரையாகிவிட்டான். அன்றைக்கு ஒருவருக்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வழியில் நிற்பாட்டினால் போவம் போவம் என்றார்கள், ஓடினால் எங்கேயாவது நிற்பாட்டு என்றார்கள். பாலம் தாண்டி முதலில் நிற்பாட்டிய இடத்தில் தேத்தண்ணியை ஊற்றி முடிக்க முதலே சித்தப்பா வானுக்குள் ஏறி இருந்து முழங்காலை ஆட்டத் தொடங்கிவிட்டார். எனக்கும் அந்த ஆட்டம் தொற்றியிருந்தது. இத்தனைக்கும் லண்டன் போகிறவர்கள் அவர்கள், நானில்லை.

தீவுக்குப் போகிற படகு சின்னது. நான் வியர்த்து விறுவிறுத்து வானை அதற்குள் ஏற்றி, கைப்பிரேக்கை இழுத்து, மூச்சு விட்டு நிமிர, அக்கரை வந்துவிட்டது. அவ்வளவுதான் கடல்.

எரிமலை இல்லை. கடற்கரையோரம் வெளிர்மஞ்சள் மண்ணில் ஒரு செங்குத்தான மேடு. அதில் கறுப்புக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து வளைந்து ஓடின. கண்டாங்கிச் சேலைக்கரை மாதிரி இருக்கிறது என்றார் அம்மா. அங்கே நின்ற வழிகாட்டிப் பெண்ணிடம் சித்தப்பா எரிமலை எந்தப் பக்கம் என்று கேட்டார். இந்தத் தீவில் எரிமலை இருந்ததே இல்லை, அது தூரத்தில் வடக்கே எங்கேயோ வெடித்தது, காற்றோடு வந்த சாம்பல் மட்டும் இங்கே படிந்தது என்று அவள் சிரித்தபடி சொன்னாள். சித்தப்பா அதை எங்களுக்குத் தமிழில் சொல்லவில்லை. சின்னவன் தானே விளங்கிக்கொண்டு அழத் தொடங்கினான். அவள் ஒரு சின்னச் சுத்தியலைக் கொடுத்து, கல்லைப் பிளந்தால் உள்ளே பழங்காலத்து மீன் கிடைக்கும் என்றதும் அழுகை நின்றது. அப்பாவும் அவனோடு இருந்து கல் உடைக்கத் தொடங்கினார். முதுகு நோ எங்கே போனதோ தெரியாது.

சித்தியும் சித்தப்பாவும் தண்ணீரோரமாகத் தனியே நடந்துபோனதை நான் கண்டேன். சோடியாக அவர்கள் நடந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருவரும் கதைத்தது கேட்கவில்லை. சித்தப்பாவின் கை மேலும் கீழும் போனது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் மட்டும் திரும்பி வந்து, ஒரு கல்லில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றி மண்ணைத் தட்டினார். மண் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரமாகியும் சித்தியைக் காணவில்லை. அதுவரை ஒருவரும் பெரிதாக நினைக்கவில்லை. பசித்த பிறகுதான் எங்களுக்குச் சித்தி இல்லாதது தெரிந்தது என்று சொன்னால் வெட்கமாய்த்தான் இருக்கிறது. அவருடைய போன் வானுக்குள் கைப்பைக்குள் கிடந்து அடித்தது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. சித்தப்பாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அவளுக்கு என்ன சொன்னனீர்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. அவதான் சொன்னவ. தான் லண்டனுக்கு வரேல்லையாம்."

அம்மா கடலைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அது ஆழமில்லாத, சாதுவான கடல். ஆனாலும் நிரோஷா காதிலிருந்து வயரை இழுத்து எறிந்துவிட்டு, "அம்மா" என்று கத்திக்கொண்டு கரையோரம் ஓடினாள். அவள் தமிழில் கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டேன். சித்தப்பா ஒரு கையில் சப்பாத்தோடு அவளுக்குப் பின்னால் ஓடினார். ஒருவரும் இல்லை. மேட்டின் மறுபக்கத்திலும் இல்லை. பிள்ளைகளை அம்மா அப்பாவோடு விட்டுவிட்டு நானும் சித்தப்பாவும் வானில் ஏறினோம். தீவில் இருக்கிற சின்னத் தெரு, ஒழுங்கையெல்லாம் தேடிக்கொண்டு கடைசியில் படகுத்துறைக்கு வந்தோம். வழி முழுக்கச் சித்தப்பா யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். முழங்கால் ஆடவில்லை.

படகு வந்துகொண்டிருந்தது. முன்பக்கக் கம்பியைப் பிடித்தபடி சித்தி நின்றார். காற்றுக்குத் தலைமயிர் கலைந்திருந்தது. படகு கரையில் தட்டி, கார்கள் இறங்கின, சைக்கிள்காரர் இறங்கினர். சித்தி இறங்கவில்லை. எங்களைக் கண்டார், கையை ஒருதரம் உயர்த்தினார், அவ்வளவுதான். படகுக்காரர் என்னிடம் இவ உங்கட ஆளோ என்று டெனிஷில் கேட்டார். கன நேரமாய்ப் போய்ப் போய் வருகிறா, நான் கோப்பி கொடுத்தேன், பிள்ளைகளைப் பற்றி நல்லாய்க் கதைத்தா என்றார். சித்தப்பா அசையாமல் துறையில் நின்றார். நான் மட்டும் பாய்ந்து ஏறினேன்.

"சித்தி, எல்லாரும் பயந்துபோட்டினம். இறங்கி வாங்கோ."

"வாறன். இன்னொருக்காப் போட்டு வாறன்." கடலைப் பார்த்தபடியே சொன்னார். "பிள்ளை, எனக்கு டெனிஷ் வாயில வர எவ்வளவு காலம் எடுத்தது எண்டு உனக்குத் தெரியுந்தானே? அதுவரைக்கும் ஊமைதான். டொக்டரிட்ட, பள்ளிக்கூடத்தில, கடையில. இப்பதான் எனக்கு டெனிஷில சண்டை பிடிக்கத் தெரியும். அங்க போய் இங்கிலிஷுக்குத் திரும்பவும் ஊமையாய் இருக்க என்னால ஏலாது."

சித்தி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். பராமரிப்பு வேலைக்கான படிப்பை அந்த வருசந்தான் தொடங்கியிருந்தார். நான் அதை ஒரு பொழுதுபோக்கு மாதிரித்தான் நினைத்திருந்தேன். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். சித்தப்பா லண்டன் பற்றி எல்லாரிடமும் கேட்டார், என்னிடம்கூட வாகன இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டார். சித்தியிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

"அதுக்கு ஏன் சித்தி படகில ஏறினீங்கள்?"

"தெரியேல்லை. அவரிட்டச் சொல்லிப்போட்டு நடந்தன். படகு நிண்டது. ஏறினன். இறங்கினா ஆராவது ஏதாவது கேப்பினம். ஏறி நிண்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

படகு அக்கரைக்குப் போய்த் திரும்பியது. தீவுத்துறையில் நான் இறங்க, சித்தப்பா ஏறினார். நாங்கள் பேசிவைத்துச் செய்ததில்லை. அவர் சித்திக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கக்கூடிய இடைவெளி விட்டு நின்றார். படகு நகர்ந்தது. நான் வானில் சாய்ந்துகொண்டு நின்றேன். உள்ளே ரோல்ஸ் மணத்தது. பதற்றத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தேன், பிறகு இன்னொன்று. அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. திரும்பி வந்தபோது இடைவெளி அப்படியேதான் இருந்தது. ஆனால் சித்தி இறங்கினார். சித்தப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"முதல் நான் போய்ப் பாக்கிறன். அவவும் பிள்ளையளும் இங்க இருக்கட்டும்."

அப்படியே அவர் மட்டும் போனார். ஊர் என்ன கதையெல்லாம் கதைத்தது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புருசனை அனுப்பிவிட்டுத் தனியே இருக்கிறாள் என்றார்கள். அதிகம் திட்டியது என் அம்மாதான். சித்தி படிப்பை முடித்தார். அடுத்த கோடையில் சித்தப்பா ஒரு சூட்கேசோடும் ஒரு பெட்டி மாம்பழத்தோடும் திரும்பி வந்தார். ஏன் வந்தீர்கள் என்று அப்பா கேட்டதற்கு, அங்கே எல்லாருக்கும் தமிழ் தெரியும், கதைக்கத்தான் ஒருத்தருக்கும் நேரமில்லை என்றார். பாண் தொழிற்சாலை அவரைத் திரும்ப எடுத்தது. அந்தக் கதை அதோடு சரி.

நான் எதிர்பாராதது இனித்தான் நடந்தது. சித்தப்பா வந்த அதே வருசம் அம்மாவும் அப்பாவும் லண்டனுக்குப் போனார்கள். எவ்வளவு நாளாக அம்மாவின் மனதில் அது கிடந்ததோ! என் அண்ணை முன்னமே அங்கே போய்க் கலியாணம் செய்து இருந்தார், பேரப்பிள்ளை வரப்போகிறது என்பது சொன்ன காரணம். என்னையும் கூப்பிட்டார்கள். வேலையைச் சாட்டி நின்றேன். உண்மையில், படகில் சித்தி சொன்னது எனக்குள் போய் ஒட்டியிருந்தது. அப்படி ஒட்டியதால் நிம்மதியாக இருந்தேன் என்றும் இல்லை. அதற்குப் பிறகு எத்தனை வீடு மாறிவிட்டேன். இன்றைக்கும் ஞாயிறு பின்னேரத்தில் வீட்டில் இருப்புக்கொள்ளாமல், காரணமில்லாமல் காரை எடுத்துக்கொண்டு போகிறவள்தான் நான்.

போன மாதமும் அப்படித்தான் இஷொய்யில் சித்தியிடம் போனேன். முன்பெல்லாம் கதவைத் தட்டினால் போதும். இப்போது வரட்டோ என்று செய்தி அனுப்பிவிட்டுத்தான் போகிறேன். சித்தப்பா வேலையில் இருந்தார். சித்தி பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம், முற்றத்துக்கு அந்தப்புறம், மூன்றாம் மாடியில்தான் எங்கள் பழைய வீடு. அந்தக் காலத்தில் அம்மா பனியானாலும் செருப்போடு பால்கனிக்கு வந்து "குஞ்சு" என்று ஒரு சத்தம் வைப்பார். சித்தியின் வீட்டுப் பெயர் அது. மீன் வந்ததா, முருங்கைக்காய் மிச்சமா, எல்லாம் முற்றத்துக்கு மேலால்தான் போய்வரும். கீழ்வீட்டு டெனிஷ் மனிதர் ஒருதரம் படியேறி வந்து, யாராவது இறந்துவிட்டார்களா என்று பணிவாய்க் கேட்டிருக்கிறார்.

குடியிருப்பைத் திருத்தியபோது எல்லாப் பால்கனிக்கும் கண்ணாடி போட்டுவிட்டார்கள். அம்மா சித்தியோடு இப்போது போனில் கதைக்கிறார். லண்டன் வீட்டின் சுவர் மெல்லிசாம், பக்கத்து வீட்டுக்குக் கேட்குமாம். அதனால் குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்வது போலத்தான் கதைக்கிறார். "குஞ்சு" என்ற அந்தச் சத்தம் இப்போது எந்த நாட்டிலும் இல்லை.